விழுந்ததெல்லாம் இஞ்ஞாசியின் கையில்

இராஜவல்லி மில்லின் விக்கெட் கீப்பர் இஞ்ஞாசி, தரையில் குத்தி வந்த பந்தைப் பிடித்துவிட்டதாகச் சொன்ன மறுநாள் காலை தொடங்கி, எங்கள் ஊரில் யார் கையிலிருந்து எது நழுவினாலும் அது அவர் கையில் போய் விழுந்தது. முதலில் விழுந்தது ஒரு டீ கிளாஸ். மில் வாசல் டீக்கடையில் நழுவிய அது, கால் மைல் தள்ளி, மில் ஆட்கள் குடியிருக்கிற லயன் வீட்டு வாசலில் பல் துலக்கக் குத்தவைத்திருந்த இஞ்ஞாசியின் உள்ளங்கையில், பாலாடை கலையாமல், சூடு குறையாமல் வந்து உட்கார்ந்தது. கடைக்காரர் வீடு வீடாக விசாரித்துக்கொண்டு வந்தார்.

"அண்ணாச்சி, நம்ம கிளாஸ் இங்கன வந்துச்சா?"

"இந்தா இருக்கு."

அவ்வளவுதான் பேச்சு. அன்று இருட்டுவதற்குள் ஒரு கரண்டி, இரண்டு முட்டை, கோயில் மணியின் நாக்கு, தொட்டிலிலிருந்து புரண்ட ஒரு கைக்குழந்தை ஆகியவை வந்து சேர்ந்தன. குழந்தை தூக்கம் கலையவில்லை.

இஞ்ஞாசியின் அதற்கு முந்தைய பத்தொன்பது வருஷத்தையும் சொல்லியாக வேண்டும். விளையாடுவதற்கென்றே சம்பளம் வாங்கிய முதல் ஆள் எங்கள் ஊரில் அவர்தான். கடற்கரையில், படகிலிருந்து வீசுகிற மீன்களில் ஒன்றுகூட மண்ணில் படாமல் வாங்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்துவிட்டு, மில் துரை தன் காரிலேயே ஏற்றிக் கூட்டிவந்தார். நூல் சுற்றுகிற ரீலிங் பிரிவில் பேர் எழுதினார்கள். அந்தப் பிரிவின் வாசலைக்கூட அவர் மிதித்ததில்லை. துரை கொடுத்த கிளவுஸ் காகிதம்போல மெல்லியது. அதற்குள் மில்லின் கழிவுப் பஞ்சைத் திணித்துக்கொண்டு, ஸ்டம்புக்குப் பின்னால் குத்தவைத்து, வருஷத்துக்கு முப்பது ஆட்டம், ஆட்டத்துக்கு இருநூறு பந்து என்று வாங்கி வாங்கி, முப்பத்தொன்பது வயதில் அவருடைய பத்து விரலும் பத்துத் திசையைக் காட்டின. சட்டைப் பொத்தானை மனைவி மிக்கேலம்மாள்தான் போட்டுவிட வேண்டும்.

வந்த நான்காவது வருஷம், துறைமுகத்து அணியோடு நடந்த ஆட்டத்தில், அம்பயர் அவுட் கொடுத்துவிட்ட ஆளை இஞ்ஞாசி கைதட்டித் திரும்பக் கூப்பிட்டு, "தரையில பட்டுட்டுது சார், நீங்க ஆடுங்க" என்றார். அந்த ஆள் மேலும் அறுபது ரன் அடித்தார், நாங்கள் தோற்றோம், அந்தத் தோல்வியை வருஷக்கணக்காகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். எங்கள் அம்பயர், மில்லின் டைம்கீப்பர் ஆவுடையப்பன், கண்ணாடி போட்டும் எட்டடிக்கு அப்பால் தெரியாதவர். அன்றிலிருந்து அவர் சந்தேகம் வந்தால் தன் கண்ணைக் கேட்பதை விட்டுவிட்டு இஞ்ஞாசியைக் கேட்டார். எதிரணிகளும் அதை ஒப்புக்கொண்டன. இஞ்ஞாசி சொன்னால் சொன்னதுதான்.

மில்லில் ஒரு வழக்கம் இருந்தது. மாசி மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை, நிரந்தரத் தொழிலாளர்கள் ஒரு பக்கமும் பதிலிகள் ஒரு பக்கமுமாக ஆடுவார்கள். பதிலி என்றால், யாராவது வராத நாளில் மட்டும் வேலைக்குக் கூப்பிடப்படுகிறவன். காலைச் சங்குக்கு வாசலில் வந்து நின்று, பேர் வந்தால் உள்ளே, வராவிட்டால் வீட்டுக்கு. அந்த ஆட்டத்தில் ஐம்பது ரன் அடிக்கிற பதிலிக்குத் துரை நிரந்தர வேலை கொடுப்பார். பன்னிரண்டு வருஷத்தில் நான்கு பேர் அப்படி வேலைக்கு வந்தார்கள்.

அந்தப் பத்தொன்பதாவது வருஷம் கொம்பையா நாற்பத்தேழில் நின்றான். தாய் தகப்பன் இல்லாதவன், தங்கை சிவனணைஞ்சாளை வைத்துக் காப்பாற்றுகிறவன், ஏழு வருஷமாக வாசலில் நிற்கிறவன். அதே சீசனில் இஞ்ஞாசி இரண்டு கேட்சை விட்டிருந்தார். மூன்றாவதை விட்டால் பஞ்சு அடிக்கிற புளோ ரூமுக்கு அனுப்புவேன் என்று துரை எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். புளோ ரூமுக்குப் போனவர்கள் ஐந்து வருஷத்தில் இருமத் தொடங்குவார்கள். கொம்பையாவின் மட்டையில் உரசிய பந்து வலப்பக்கம் தாழ்ந்து போக, இஞ்ஞாசி பாய்ந்து விழுந்தார். பந்து கிளவுஸுக்கு ஒரு சாண் முன்னால் தரையில் குத்தியது. செம்மண் புகையாக எழுந்தது. அதற்குப் பிறகுதான் பந்து கைக்குள் போனது. இஞ்ஞாசி கையைத் தூக்கினார்.

"பிடிச்சீரா, இஞ்ஞாசி?" என்றார் ஆவுடையப்பன்.

"பிடிச்சேன்."

மைதானத்தைச் சுற்றி எண்ணூறு பேர் இருந்தோம். செம்மண் எழுந்ததை எண்ணூறு பேரும் பார்த்தோம். நிரந்தரக்காரர்கள் எங்கள் அணி ஜெயிக்கிறது என்று கூச்சல் போட்டோம். பதிலிகள், வாயைத் திறந்தால் மறுநாள் வாசலில் பேர் வராது என்று மூடிக்கொண்டார்கள். கொம்பையா இஞ்ஞாசியை ஒரு நிமிஷம் பார்த்தான். "அண்ணாச்சி சொன்னாச் சரியாத்தான் இருக்கும்," என்றான். மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தான்.

இதற்கு மறுநாள்தான் அந்த டீ கிளாஸ்.

ஊர் இதற்குப் பழகுவதற்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. முதலில் பொருள்களின் அடியில் பேர் எழுதினோம். பிறகு சாயங்காலம் நான்கு முதல் ஆறு வரை லயன் வீட்டு வாசலில் வரிசையில் நின்று அவரவர் சாமானை வாங்கிக்கொண்டு போனோம். பிறகு, நழுவுவதற்குக் காத்திருப்பானேன் என்று, மேலத்தெருவிலிருந்து லயன் வீட்டுப் பக்கம் ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டுமென்றால் அதை நின்ற இடத்திலேயே கீழே போட்டோம். தாய்மார்கள் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்காருவதை நிறுத்தினார்கள். தென்னை ஏறுகிறவர்கள் காய்களோடு தாங்களும் குதித்து, இஞ்ஞாசியின் கையில் இறங்கி, ஒரு பீடி பற்றவைத்துக்கொண்டு நடந்து வந்தார்கள். மில்லில் மாடிப்படியின் கைப்பிடி உடைந்தபோது, எதற்கு என்று யாரும் அதைச் சரிசெய்யவில்லை. மாதா கோயில் சாமியார் பிரசங்கத்தில் இது ஆண்டவர் தந்த வரம் என்றார். அம்மன் கோயில் பூசாரி, அம்மனுக்கும் இதில் பங்குண்டு என்றார். இஞ்ஞாசிக்கு மட்டும் ஓய்வில்லை, ஆட்டத்துக்குக்கூடப் போக முடியவில்லை. கை எப்போதும் விரிந்திருக்க வேண்டியிருந்ததால் மிக்கேலம்மாள் சோற்றை உருட்டி ஊட்டினாள்.

"கையை மூடிக்கிட்டாத்தான் என்ன?" என்று ஒருநாள் அவள் கேட்டாள். அவர் மூடிப் பார்த்தார். மூடிய முஷ்டியின் மேல் ஒரு குத்துவிளக்கு வந்து நின்றது.

எங்களைப் பார்த்து அவர் ஒரு தடவை பேச ஆரம்பித்தார். முதல் வருஷம் முடிவதற்குள்தான். வரிசையில் நின்றவர்களிடம், "ஒரு விஷயம் சொல்லணும், அன்னைக்கு அந்தப் பந்து" என்று தொடங்கினார். "அதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி இப்ப, என் சொம்பைக் குடுங்க," என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரித்தோம். சொல்லிவிட்டால் இது நின்றுபோகும் என்று எங்களுக்குள் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் தொண்டையைச் செருமினாலே யாராவது ஒருவர் எதையாவது கீழே போட்டார்.

ஒரு வீட்டுக்கு மட்டும் இந்த வரம் இல்லை என்பதை வெளியே சொன்னவள் பானை விற்கிற சுடலைவடிவுதான். ஊரில் எதுவும் உடையாததால் அவள் கடையில் பானைகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. ஒருநாள் வரிசையை இடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏ கீப்பரய்யா, நீரு பிடிச்சுப் பிடிச்சு என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டீரே! மூணு மாசமா என்கிட்ட பானை வாங்குறது ஒரே ஒரு வீடு. அந்தக் கொம்பையா வீடு மட்டும் இல்லைன்னா நான் இந்நேரம் பிச்சைக்குப் போயிருப்பேன்."

கொம்பையாவும் அவன் தங்கையும் நழுவவிட்டது மட்டும் மற்ற ஊர்களில் விழுவதுபோலத் தரையில் விழுந்து உடைந்துகொண்டிருந்தது. காரணம் அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். இஞ்ஞாசி தலையைக் குனிந்துகொண்டார். நாங்கள் வீட்டுக்குப் போய், அந்த வீட்டில் என்னமோ இருக்கிறது என்று சொல்லிக்கொண்டோம். வாஸ்து சரியில்லை என்று ஒருவர் சொன்னார். அவன் அப்பன் செய்த பாவம் என்று இன்னொருவர் சொன்னார். கொஞ்ச நாளில் அந்த வீட்டுக்குக் கைமாற்றாக ஒரு சல்லடைகூட யாரும் கொடுப்பதில்லை என்றாயிற்று. வாசலில் பதிலிகளின் பேர் படிக்கும்போது கொம்பையாவின் பேர் வாரத்துக்கு ஒரு தடவை வந்தது. பிறகு மாதத்துக்கு ஒரு தடவை.

இரண்டாம் வருஷம் நிச்சயதார்த்தங்களில் கண்ணாடி போடுகிற வழக்கம் வந்தது. யார் தொடங்கியது என்று தெரியவில்லை. தட்டு மாற்றுவதற்கு முன், பெண் ஒரு கைக்கண்ணாடியைக் கீழே விடுவாள். ஒருவர் சைக்கிளில் இஞ்ஞாசி வீட்டுக்குப் போய் அதை வாங்கி வருவார். கண்ணாடி முழுசாகத் திரும்பி வந்தால் பெண் வீடு நல்ல வீடு. எல்லார் வீட்டிலும் முழுசாகத்தான் வந்தது. அதனால் அது வெறும் சடங்காக இருந்தது, சிவனணைஞ்சாளுக்குக் கல்யாணம் பேசும் வரைக்கும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து வந்த சம்பந்தம். மாப்பிள்ளையின் அம்மா பிச்சம்மாள், இந்த ஊரில் ஏதோ கண்ணாடி போடுவார்களாமே, நாங்களும் பார்க்கிறோம் என்று ஆசையாகச் சொல்லியனுப்பினாள். கொம்பையா மூன்று வருஷத்தில் முதல் தடவையாக இஞ்ஞாசி வீட்டுக்கு வந்தான். வரிசை விலகி வழிவிட்டது. அவன் உட்காரவில்லை.

"அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை தங்கச்சிக்கு நிச்சயம். கண்ணாடி போடணுமாம்."

"ம்."

"எங்க வீட்டுல போட்டா இங்க வராதுன்னு ஒங்களுக்குத் தெரியும். நீங்களே அங்க வந்து, கீழே நின்னு, கையால பிடிச்சிரணும். வேற ஒண்ணும் நான் கேக்கல."

ஊரே தன்னை ஒதுக்குவதற்குக் காரணமான மனிதரிடம் உதவி கேட்டு நிற்கிறோம் என்ற வெட்கத்தில் அவன் காது சிவந்திருந்தது. இஞ்ஞாசியால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"கொம்பையா, நான் ஒன்கிட்ட..."

"வேண்டாம் அண்ணாச்சி. இப்பப் பேசுனா நான் அழுதுருவேன். வாறீங்களா, இல்லையா?"

"வாறேன்."

அவன் போனதும் இஞ்ஞாசி பழகிப் பார்க்க நினைத்தார். மிக்கேலம்மாளைக் கூப்பிட்டு ஒரு கண்ணாடியைக் கீழே விடச் சொன்னார். அது நேராகக் கையில் வந்து உட்கார்ந்தது. கையை எட்டி வைத்துக்கொண்டார். அங்கே வந்து உட்கார்ந்தது. முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். சுற்றி வந்து உட்கார்ந்தது. அவர் தவறவிடக்கூடிய ஒரு பொருளைக் கீழே போட கொம்பையாவையும் அவன் தங்கையையும் தவிர ஊரில் ஆளில்லை. மூன்று வருஷமாகத் தானாக வந்து விழுந்ததில், பிடிப்பது எப்படி என்பதே கைக்கு மறந்துபோயிருந்தது. வெள்ளிக்கிழமைக்கு இருந்த மூன்று நாளும் பச்சை முட்டையை வெறும் காற்றில் பிடிக்கிறவர்போல அவர் கையைக் கொண்டுபோய்க் கொண்டுவந்ததை வரிசையில் நின்றவர்கள் பார்த்தோம். எதற்கென்று எங்களுக்குத் தெரியும். அவரவர் சாமானை வாங்கிக்கொண்டு போனோம்.

வெள்ளிக்கிழமை கொம்பையாவின் வீடு நிறைந்திருந்தது. ஒதுக்கிவைத்த வீட்டுக்கு இத்தனை பேர் வந்தது அன்பினால் அல்ல. கீப்பரே நேரில் வந்திருக்கிறார் என்று மாப்பிள்ளை வீட்டாருக்கு ஏகப் பெருமை. ஆவுடையப்பன் முன்வரிசையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். இஞ்ஞாசி கூடத்தின் நடுவில், பத்தொன்பது வருஷம் குத்தவைத்த அதே விதமாகக் குத்தவைத்தார். ஊரில் அப்போதும் பொருள்கள் நழுவிக்கொண்டுதான் இருந்தன. ஒரு சீப்பு, ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு கைப்பிடி பொரிகடலை என்று வர வர மிக்கேலம்மாள் எடுத்து எடுத்து ஒரு பக்கம் வைத்தாள்.

சிவனணைஞ்சாள் கண்ணாடியோடு வந்தாள். பத்தொன்பது வயது. பச்சைச் சேலை. இஞ்ஞாசியின் வளைந்த விரல்களைப் பார்த்துவிட்டு, அவருக்கு மட்டும் கேட்கும்படி, "அண்ணாச்சி, மெதுவா விடவா?" என்று கேட்டாள்.

"விடு தாயி."

விட்டாள். அந்த நேரம் பார்த்து எங்கோ ஒரு வீட்டில் ஒரு எலுமிச்சம்பழம் நழுவி, அவருடைய இடது கையில் வந்து நின்றது. வலது கை தனியாகப் போனது. கண்ணாடி விரல் நுனியில் பட்டு, சுண்டப்பட்டதுபோல ஒரு சுற்றுச் சுற்றி, தரையில் விழுந்து ஏழெட்டுத் துண்டானது.

நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம்.

"எலுமிச்சம்பழந்தான் குறுக்க வந்துட்டுது!"

"ஆமா ஆமா, நான் பாத்தேன்."

"அது கணக்குல வராதும்மா, இன்னொரு கண்ணாடி கொண்டாங்க."

"விரல்ல பட்டுச்சுல்லா, பட்டாலே பிடிச்ச மாதிரிதான்," என்றார் ஆவுடையப்பன்.

பிச்சம்மாளும் தலையாட்டத் தொடங்கிவிட்டாள். இஞ்ஞாசி ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், இன்னொரு கண்ணாடி வந்திருக்கும். அவர் எலுமிச்சம்பழத்தை மனைவியிடம் கொடுத்தார். எழுந்து நின்றார். முட்டி சொடுக்கியது கேட்டது.

"பழம் வந்ததால இல்ல. நான் விட்டுட்டேன். அன்னைக்கும் விட்டேன். மூணு வருஷத்துக்கு முந்தி இந்தப் பையன் நாப்பத்தேழுல நிக்கும்போது பந்து தரையில குத்தித்தான் என் கைக்கு வந்துச்சு. பிடிச்சேன்னு பொய் சொன்னேன். புளோ ரூமுக்குப் பயந்து சொன்னேன். இந்த வீட்டுல ஒரு குறையும் கிடையாது. இவங்க போடுறதைப் பிடிக்க எனக்குத்தான் யோக்யதை இல்ல."

அவர் சொல்லி வாய் மூடியதும் பக்கத்து வீட்டில் ஒரு குடம் உடைந்தது. அடுத்து எதிர்வீட்டில் ஏதோ கண்ணாடிச் சாமான். பிறகு தெருக் கோடியில், பிறகு மேலத்தெருவில், பிறகு மில் பக்கம் என்று, ஊர் முழுவதும் அந்த நேரத்தில் அலட்சியமாகக் கையை விட்ட அத்தனையும் விழுந்து உடைகிற சத்தம், மழை ஓட்டின் மேல் நடந்து போவதுபோல எங்களைத் தாண்டிப் போனது. தென்னையிலிருந்து குதித்த ஒருவருக்கு அன்று இடுப்பு முறிந்தது. அந்தக் கைப்பிடி இல்லாத மாடிப்படியில் இருவருக்குக் கால். குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது எங்கள் புண்ணியத்தால் அல்ல.

பிச்சம்மாள் இஞ்ஞாசியைக் கோபிக்கவில்லை. அவள் சத்தம் ஓயும்வரை பொறுத்திருந்தாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"ஏன்யா, இது ஒங்க எல்லாருக்கும் தெரியுமா?"

ஆவுடையப்பன் வெற்றிலையை மடித்தபடியே இருந்தார். ஒருவர் பொரிகடலையைப் பொறுக்கத் தொடங்கினார்.

"தெரியும்போல இருக்கு," என்றாள் பிச்சம்மாள். சிவனணைஞ்சாளின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். "பொண்ணை நாங்க எடுத்துக்கிடுதோம். தட்டை மாத்துங்க. ஆனா கல்யாணம் இந்த ஊர்ல வேண்டாம்."

அடுத்த திங்கட்கிழமை துரை கொம்பையாவுக்கு நிரந்தர வேலை என்று ஆளனுப்பினார். வீடு பூட்டியிருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் சேர்ந்துவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டோம். இஞ்ஞாசியைப் புளோ ரூமுக்கு மாற்றினார்கள். நாங்கள் அவரிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டோம். உண்மையைச் சொல்லிவிட்டாரே என்ற கோபம் எங்களுக்கு இருந்தது. அதைக் கோபம் என்று சொல்லக் கூசியதால், பொய் சொன்னவர் என்று சொன்னோம்.

பங்குனியில் கல்யாணம். ஒருநாள் மத்தியானம் கொம்பையா தாம்பாளத்தில் பத்திரிகையும் வெற்றிலைபாக்குமாக ஊருக்குள் வந்தான். வீட்டு வாசல்களில் நின்றோம். சிலர் அவசரமாகச் சட்டை போட்டுக்கொண்டோம். அவன் ஒவ்வொரு வாசலாகக் கடந்து நடந்தான், கோபமாக அல்ல, வழி தெரிந்தவன் நடப்பதுபோல. லயன் வீட்டில் மட்டும் நின்றான்.

"அண்ணாச்சி, மதினியையும் கூட்டிக்கிட்டு அவசியம் வரணும்."

இஞ்ஞாசி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பத்திரிகை கீழே விழவில்லை.

அவரும் மிக்கேலம்மாளும் பஸ்ஸில் போய்விட்டு மறுநாள் திரும்பினார்கள். இரண்டாம் ஷிப்டுக்குச் சோற்றுத் தூக்கோடு அவர் மில்லுக்கு நடந்தபோது, டீக்கடையில் இருந்த நாங்கள் ஒதுங்கி நின்றோம். சுடலைவடிவுக்கு மட்டும்தான் கேட்க வாய் வந்தது. அவளுக்கு இப்போது நல்ல வியாபாரம்.

"கல்யாணம் நல்லா நடந்துச்சா கீப்பரய்யா?"

"நல்லா நடந்துச்சு. அவியல் பிரமாதம்."

"எங்களப் பத்தி ஏதாவது கேட்டாங்களா?"

இஞ்ஞாசி நின்றார். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எங்களுக்கு நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல அவர் மனசு தேடியது தெரிந்தது. நாங்களும் அதற்காகத்தான் காத்திருந்தோம்.

"இல்ல," என்றார்.

சங்கு ஊதியது. அவர் பஞ்சுத் தூசிக்கு மூக்கில் கட்டுகிற துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.